விளக்கின் அடியில் இருள்: மலையகத்து நீர்மின்சாரமும் உலக வங்கிக் கடனும்

விளக்கின் அடியில் இருள் உண்டு என்பது நம் முன்னோர் வாக்கு. ஒளியைப் பிறர்க்கு ஈந்து தான் இருளில் நிற்கும் நிலைக்கு அவர்கள் கண்ட உவமை அது. இவ்வுவமை ஒரு நிலப்பகுதியின் வரலாறாகவே அமைந்துவிட்ட இடம் உண்டா என்று எவரேனும் கேட்பின், ஹட்டனிலிருந்து நோர்ட்டன் பிரிட்ஜுக்கு இறங்கிச் செல்லும் மலைப்பாதையை நான் காட்டுவேன். பாதையின் ஒரு புறம் மின்கம்பிகளைத் தாங்கிய இரும்புக் கோபுரங்கள். மறுபுறம் தேயிலை மலைகளும் அவற்றினிடையே வரிசை வரிசையாய் லயன்களும். இக்கோபுரங்கள் எழுந்து நெடுங்காலம் வரை அந்த லயன்களில் எரிந்தது குப்பி விளக்கே.

சில ஆண்டுகளுக்கு முன், இலங்கைப் படத்தில் நீர்மின் நிலையங்களைக் குறிக்கும் பயிற்சியை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், இதெல்லாம் எங்க பக்கத்துலதானே இருக்கு? அப்ப எங்க அம்மாயி மட்டும் ஏன் குப்பி லாம்ப வச்சிக்கிட்டுப் புள்ளைங்கள வளத்திச்சு?" என்று கேட்டாள். பாடநூலில் அதற்கு விடை இல்லை. ஆற்றின் பெயர், அணையின் பெயர், மெகாவாட் கணக்கு ஆகியவை இருந்தன. யார் பணத்தில் கட்டினார்கள், அப்பணத்தை யார் திருப்பிக் கொடுத்தார்கள், பயனை யார் பெற்றார்கள் என்ற மூன்று கேள்விகளும் அங்கே இல்லை. அவளுக்குக் கூற வேண்டிய விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

வங்கியும் அதன் விதிகளும்

1944 ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு முன்னரே, அமெரிக்காவின் பிரெட்டன் வூட்ஸ் என்னும் ஊரில் நேச நாடுகளின் பிரதிநிதிகள் கூடி இரு நிறுவனங்களைத் தோற்றுவிக்க உடன்பட்டனர். ஒன்று சர்வதேச நாணய நிதியம். மற்றது உலக வங்கி என இன்று நாம் அழைக்கும் மீள்நிர்மாணத்துக்கும் அபிவிருத்திக்குமான சர்வதேச வங்கி. போரினால் சிதைந்த ஐரோப்பாவை மீளக் கட்டுவதே இவ்வங்கியின் முதற் பணியாகக் கருதப்பட்டது. 1947 இல் அது வழங்கிய முதற் கடன் பிரான்சுக்குச் சென்றது. தொகை 25 கோடி டொலர். ஆசிய நாடுகளுள் முதலிற் கடன் பெற்றது இந்தியா. 1949 இல், தன் இரயில்வேயைப் புதுப்பிப்பதற்காக அது கடன் வாங்கிற்று.

இவ்வங்கியின் இயல்பைச் சற்று ஆராய்வது அவசியம். அது தர்ம ஸ்தாபனம் அன்று. தான் கடனாகக் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதியைப் பணச் சந்தைகளிற் கடன்பத்திரம் விற்றே அது திரட்டுகின்றது. ஆதலின், தான் கொடுத்த பணம் வட்டியோடு திரும்பி வருமா என்பதே அதன் முதற் கேள்வி. அங்கே வாக்குகள் தலைக்கு ஒன்றாக எண்ணப்படுவதில்லை. பங்குத் தொகைக்கு ஏற்பவே எண்ணப்படுகின்றன. பெரும் பங்குடைய அமெரிக்காவின் குரல் அங்கே பெருங்குரலாய் ஒலிப்பது இக்காரணத்தாலேயே.

தொடக்க காலத்தில் அவ்வங்கி கைக்கொண்ட விதிகள் இரண்டு நம் கதைக்கு முக்கியமானவை. முதலாவது, கடன் குறிப்பிட்ட ஒரு திட்டத்துக்கே வழங்கப்படும். அத்திட்டத்திலும் பொதுவாக அந்நியச் செலாவணி தேவைப்படும் பகுதிக்கே வழங்கப்படும். பொறிகள், குழாய்கள், வெளிநாட்டு நிபுணர்களின் ஊதியம் ஆகியவை இதில் அடங்கும். மலையை உடைப்பவனின் கூலியும் மண் சுமப்பவளின் கூலியும் கடன் வாங்கும் நாட்டின் பொறுப்பு. இரண்டாவது, திட்டம் தானே வருவாய் ஈட்டித் தன் கடனைத் தீர்க்க வல்லதாக இருத்தல் வேண்டும். மின்சாரம், இரயில், துறைமுகம் ஆகியவை இவ்விதிக்குப் பொருந்தின. பள்ளிக்கூடமும் குடியிருப்பும் பொருந்தவில்லை. கல்விக்கென்று அவ்வங்கிக் குடும்பம் முதன்முதலாகக் கடன் கொடுத்தது 1962 இல். பெற்ற நாடு துனீசியா. லயன் காம்பராவில் வாழும் பிள்ளைக்கு நல்லதொரு வீடு என்பது அக்கணக்கேட்டில் வருவாய் தரும் முதலீடாக ஒருபோதும் தோன்றியிராது. இதிற் சூழ்ச்சி எதுவும் இல்லை. கணக்கேட்டின் இயல்பே அதுதான். ஆனால் மனிதர் தமக்குள் எவரை எண்ணுவது, எவரை எண்ணாது விடுவது என்பதை அத்தகைய கணக்கேடுகளே பல சமயம் தீர்மானித்து விடுகின்றன.

ஆறும் ஒரு பொறியியலாளரும்

களனி கங்கைக்கு நீர் தரும் கிளையாறுகள் இரண்டு, கெகெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும், நம் தேயிலை மலைகளினூடே பாய்கின்றன. இவற்றின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்ற எண்ணம் எந்த வெளிநாட்டு வங்கியின் மூளையிலும் உதிக்கவில்லை. டி. ஜே. விமலசுரேந்திர என்னும் இலங்கைப் பொறியியலாளரின் மூளையில் உதித்த எண்ணம் அது. 1912 இல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூலில் சிறியதொரு நீர்மின் நிலையத்தை அமைத்து நுவரெலியா நகருக்கு ஒளி கொடுத்தவர் அவர். 1918 இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் வாசித்த ஆய்வுரையில், லக்சபானப் பகுதியின் நீர்வலியைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் வழங்கலாம் என்று அவர் காட்டினார்.

குடியேற்ற ஆட்சி அதை மனமுவந்து ஏற்கவில்லை. வேலை தொடங்கப்பட்டது, பின் நிறுத்தப்பட்டது, ஆண்டுகள் பல கழிந்து மீண்டும் தொடங்கப்பட்டது. கடைசியில் 1950 இல், அதாவது அவ்வாய்வுரை வாசிக்கப்பட்டு 32 ஆண்டுகளுக்குப் பின்னர், 25 மெகாவாட் வலுவுடன் லக்சபான மின்நிலையத்தின் முதற் கட்டம் இயங்கத் தொடங்கிற்று. அதன் மின்சாரம் மலைகளைத் தாண்டிக் கொழும்பை அடைந்தது. 1953 இல் விமலசுரேந்திர மறைந்தார். தம் கனவின் ஒரு பகுதியையேனும் கண்ணாரக் கண்ட பின்னரே அவர் கண்மூடினார் என்பது நமக்கு ஆறுதல்.

இம்முதற் கட்டத்துக்கு உலக வங்கியின் கடன் கிடையாது. அக்காலத்தில் இலங்கையிடம் பணம் இருந்தது. அப்பணம் எங்கிருந்து வந்தது? போர்க்காலத்தில் தேயிலையும் இறப்பரும் ஈட்டிய ஸ்டேர்லிங் இருப்பிலிருந்தே பெரிதும் வந்தது. ஆக, கடன் வாங்கப்படுவதற்கு முன்னரே மலையகத்துத் தொழிலாளியின் உழைப்பு அந்த அணையினுள் கலந்திருந்தது.

தூதுக்குழு, ஹர்த்தால், கடன்

1950 ஆகஸ்டில் இலங்கை மத்திய வங்கி திறக்கப்பட்டது. அதே காலத்திலேயே இலங்கை உலக வங்கியில் உறுப்புரிமை பெற்றது. 1951 இல் சேர் சிட்னி கெய்ன் என்னும் பிரித்தானியப் பொருளியலாளரின் தலைமையில் உலக வங்கியின் தூதுக்குழுவொன்று நாட்டுக்கு வந்தது. விவசாயம், நீர்ப்பாசனம், மின்சாரம், கைத்தொழில், அரசாங்க நிதி என்று அனைத்தையும் ஆராய்ந்து விரிவானதோர் அறிக்கையை அது அளித்தது.

அது கொரியப் போரின் காலம். போர் மூண்டபோது இறப்பர் விலையும் தேயிலை விலையும் வானைத் தொட்டன, பின் சரிந்தன. அரிசி விலையோ சரியவில்லை. 1952 இல் இலங்கை சீனத்தோடு இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டது. பண்டத்துக்குப் பண்டம் என்ற அவ்வேற்பாடு மேலை வல்லரசுகளின் முகச்சுளிப்பையும் மீறி நிகழ்ந்தது. கடன் வாங்குவது தவிர வேறு வழியே இல்லை என்று கூறுவோர் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்ளுதல் நன்று.

ஆயினும் செலாவணி இருப்பு கரைந்துகொண்டே வந்தது. உணவு மானியச் செலவைக் குறைக்க வேண்டும் என்ற அறிவுரை நாற்புறமும் ஒலித்தது. 1953 இல் கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 12 ஆம் நாள் இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் மாபெரும் ஹர்த்தால் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. பிரதமர் டட்லி சேனநாயக்க சில வாரங்களிற் பதவி துறந்தார். சேர் ஜோன் கொத்தலாவல பிரதமரானார். ஓராண்டு நிறைவதற்குள், 1954 ஜூலையில், உலக வங்கி இலங்கைக்குத் தன் முதற் கடனை வழங்கிற்று. தொகை ஏறக்குறைய 1 கோடி 91 இலட்சம் டொலர். பொருள்: அபடீன்–லக்சபான நீர்மின் திட்டத்தின் இரண்டாங் கட்டம்.

அரிசி விலையை உயர்த்தியதற்குப் பரிசாகவே கடன் வந்தது என்று நான் கூறவில்லை. வரலாற்றை அவ்வளவு எளிதாக முடிச்சுப் போட்டுவிடுதல் ஆசிரியனுக்கு அழகன்று. திட்டம் நல்ல திட்டம். வங்கியின் விதிகளுக்கு நன்கு பொருந்திய திட்டம். 1958 இல் மேலும் 25 மெகாவாட் கிடைத்தது. ஆலைகள் இயங்கின, நகரங்கள் ஒளி பெற்றன, வெளிநாட்டு எண்ணெய்க்குச் செலவாகும் பணம் மிஞ்சியது. இந்நன்மைகளை மறுப்பவன் உண்மைக்கு மாறாகப் பேசுபவனாவான். 1958 இலும் 1961 இலும் மின்சாரத்துக்கென்றே வங்கி மீண்டும் கடன் வழங்கியது. கேள்வி வேறோரிடத்தில் இருக்கின்றது.

கடனைத் தீர்த்தவர் யார்?

டொலரிற் பெற்ற கடனை டொலரிலேயே தீர்த்தல் வேண்டும். கொழும்பில் மின்கட்டணமாக வசூலிக்கப்படும் ரூபாய் நோட்டுகளை வாஷிங்டன் ஏற்பதில்லை. அவற்றை அந்நியச் செலாவணியாக மாற்றியாக வேண்டும். அச்செலாவணியை நாடு எதனால் ஈட்டிற்று? 1950களில் இலங்கையின் ஏற்றுமதி வருவாயிற் பாதிக்கு மேற்பட்டது தேயிலையிலிருந்து கிடைத்தது. இறப்பரையும் தெங்குப் பொருள்களையும் சேர்த்தால் ஏறக்குறைய முழுவதும் அம்மூன்றினுள் அடங்கிவிடும். அரசாங்க வருமானத்திலும் தேயிலை மீதான ஏற்றுமதித் தீர்வைக்குப் பெரும் பங்கு இருந்தது. இன்னுஞ் சொன்னால், உலக வங்கி இலங்கையை நம்பிக் கடன் கொடுத்தது இந்நாட்டுத் தேயிலை உலகச் சந்தையில் விலைபோகும் என்ற நம்பிக்கையினாலேயே.

அத்தேயிலையைக் கிள்ளியவள் யார்? விடியற்காலைப் பெரட்டுக்கு ஓடி, முதுகிற் கூடை சுமந்து, அட்டைக்கும் மழைக்கும் ஈடுகொடுத்து, மாலையில் நிறுவைக்கு நின்ற தோட்டத்துப் பெண்ணே அவள். அவளுக்கு இந்நாட்டில் அப்போது என்ன உரிமை இருந்தது?

1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 தொகுதிகளில் வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்குத் துணைநின்றன. அடுத்த ஆண்டே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டமும், அதையடுத்துத் தேர்தற் சட்டத் திருத்தமும் வந்தன. பிரஜை அல்லாதவருக்கு வாக்கு இல்லை என்றாயிற்று. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தொழிலாளரின் சார்பில் ஒருவர்கூடப் பாராளுமன்றம் செல்ல இயலவில்லை. பிரஜாவுரிமை கோரி ஏறக்குறைய 8 இலட்சம் பேரின் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. பல ஆண்டுகள் இழுபட்ட பின் உரிமை கிடைத்தவர்கள் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரளவில்தான்.

இனி 1954 ஆம் ஆண்டை நோக்குவோம். அவ்வாண்டு ஜனவரியில் நேருவும் கொத்தலாவலையும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். இம்மக்களை எவ்வாறு பதிவது, எவரை இந்தியப் பிரஜையாகச் சேர்ப்பது என்பனவே அதன் பேச்சு. அதே ஆண்டு ஜூலையில் மின்சாரக் கடன். ஒரே அரசாங்கம், ஒரே ஆண்டில், ஒரு மேசையில் இம்மக்கள் இந்நாட்டவர் அல்லர் என்று வாதாடிற்று. மற்றொரு மேசையில் அதே மக்களின் உழைப்பை ஈடாகக் காட்டிக் கடன் பெற்றது. 1953 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் இருந்த இந்தியத் தமிழர் 9 இலட்சத்து 74 ஆயிரம் பேர். அதாவது நூற்றுக்குப் பன்னிருவர். இவர்களுட் பெரும்பாலோர் அக்கடனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல உரிமையற்றவர்கள். அதைத் தீர்க்கும் பொறுப்பிலோ முன்வரிசையில் நின்றவர்கள்.

இந்தியாவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1949 இல் இரயில்வேக்குக் கடன் வாங்கிய இந்தியாவில், அடுத்து வந்த 1951–52 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தண்டவாளம் போடும் கூலியாளும் வாக்களித்தான். கடன் சரியா பிழையா என்று அரசாங்கத்தைக் கேட்க அவனுக்கு ஒரு வாக்குச் சீட்டாவது இருந்தது. ஹட்டன் மலையிற் கொழுந்தெடுத்தவளுக்கு அதுவும் இல்லை.

ஏறிவந்த நீர்

மின்சாரத்துக்கு நீர் வேண்டும். நீருக்கு அணை வேண்டும். அணைக்கு நிலம் வேண்டும். கெகெல்கமு ஓயாவின் குறுக்கே காசல்ரீ அணை எழுந்தது. அந்நீரைக் கொண்டு இயங்கும் 50 மெகாவாட் நிலையம் 1965 இல் தொழிற்படத் தொடங்கியது; அதற்கு விமலசுரேந்திரவின் பெயரே சூட்டப்பட்டது. மஸ்கெலி ஓயாவின் குறுக்கே மவுஸ்ஸாக்கலை அணை எழுந்தது. அதன் நீர் ஏறியபோது பழைய மஸ்கெலியா நகரமே அடியில் அமிழ்ந்தது. புதிய நகரம் மேட்டில் அமைக்கப்பட்டது. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கும் நாள்களில் பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் இன்றும் தலைகாட்டுகின்றன. பெரியவர்கள் கரையில் நின்று, இங்கேதான் கடைத்தெரு, அங்கேதான் கோயில் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதை நாம் காணலாம்.

1969 இல் பொல்பிட்டியவில் 75 மெகாவாட், 1974 இல் புதிய லக்சபானவில் 100 மெகாவாட், 1983 இல் இயங்கத் தொடங்கிய கெனியனில் 60 மெகாவாட் என்று நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. முந்தியவற்றையும் கூட்டினால் 335 மெகாவாட். ஒரு சிறு மலைப்பகுதி ஒரு நாட்டுக்கு அளித்த கொடை இது.

இந்நிலையங்கள் எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில் அம்மலைகளின் மக்கள் எங்கே நின்றனர்? 1964 அக்டோபர் 30 ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது, 3 இலட்சம் பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. 1974 இல் அவ்வெச்சத்தையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்தன. எண்ணிக்கை பேசப்பட்டதேயன்றி எவரிடமும் விருப்பம் கேட்கப்படவில்லை. விமலசுரேந்திர நிலையம் ஒளிவிடத் தொடங்கிய காலத்தில், அதன் சுற்றுப்புறத்து லயன்களில் குப்பி விளக்கின் முன் அமர்ந்து, எந்தப் பிள்ளை இங்கே, எந்தப் பிள்ளை அக்கரையில் என்று குடும்பங்கள் கலங்கிக்கொண்டிருந்தன.

அணைகளால் அல்லலுற்றோர் தமிழ்த் தொழிலாளர் மட்டுமே என்று எண்ணுதலும் தவறு. மகாவலித் துரித அபிவிருத்தித் திட்டத்தின் கீழ், சுவீடனின் உதவியோடு கட்டப்பட்டு 1985 இல் நிறைவுற்ற கொத்மலை அணை, பரம்பரை பரம்பரையாக வயல் உழுதுவந்த சிங்கள விவசாயக் குடும்பங்களை அவர்தம் பள்ளத்தாக்கிலிருந்து பெயர்த்தது. பழைய விகாரைகளும் நீரில் மூழ்கின. அவர்கள் வாக்குரிமை உடையவர்கள், ஆயினும் பெயர்க்கப்பட்டார்கள். உழைப்பவனின் மொழி எதுவாயினும், அவனைக் கேளாமல் வரையப்படும் திட்டம் அவனுக்குத் தரும் துன்பம் ஒன்றே.

ஸ்டோருக்குக் கடன், லயனுக்கு?

1966 இல் ஆசிய அபிவிருத்தி வங்கி தோன்றியது. இலங்கை அதன் தொடக்க உறுப்பினருள் ஒன்று. 1968 இல் அவ்வங்கி இலங்கைக்கு அளித்த முதற் கடன் எதற்கென்று அறிந்தால் வியப்புண்டாகும். தேயிலைத் தொழிற்சாலைகளை, நம் மக்களின் வழக்கிற் சொன்னால் ஸ்டோர்களை, நவீனப்படுத்துவதற்காக 20 இலட்சம் டொலர். கொழுந்தை வாட்டுவதற்கும் அரைப்பதற்கும் நல்ல பொறிகள் கிடைத்தன. கொழுந்தைக் கிள்ளியவள் உறங்கும் பத்துக்குப் பத்தடிக் காம்பரா வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் இருந்தபடியே இருந்தது.

1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975 இன் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. கம்பெனிகளின் கொடி இறங்கியபோது தொழிலாளரின் வாழ்வு உயரும் என்று நாமெல்லாம் எதிர்பார்க்க நியாயம் இருந்தது. ஆனால் அவ்வாண்டுகளே தோட்டங்களிற் பட்டினி தலைவிரித்தாடிய ஆண்டுகளுமாயின. உடைமை கைமாறியதேயன்றி உழைப்பவனுக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு மாறவில்லை. இடதுசாரிகளாகிய நாம் இதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

1980களின் நடுப்பகுதியில் உலக வங்கியும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் அரசுத் தோட்டங்களின் மத்தியகால முதலீட்டுத் திட்டத்துக்குக் கடன் கொடுத்தன. 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில், இம்முறை பெருந்தோட்டச் சீர்திருத்தம் என்ற பெயரில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன் மீண்டும் வந்தது. நியாயமாகப் பேசின், இக்காலத்தில்தான் குடிநீர், மலசலகூடம், பிள்ளைக் காப்பகம், வீட்டுத் திருத்தம் முதலியன திட்டங்களின் ஒரு பகுதியாக இடம்பெறத் தொடங்கின. ஆனால் அவ்வீடுகளின் கதையையும் சொல்ல வேண்டும். பல தோட்டங்களிற் புது வீட்டுக்குரிய கடன் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் வெட்டப்பட்டது. கடன் தீர்ந்த பின்னும் காணிக்கு உறுதி கிடைக்கவில்லை. கடனாளி என்ற பெயரை அவனுக்குக் கொடுப்பதில் எவருக்கும் தயக்கம் இருக்கவில்லை. காணிக்காரன் என்ற பெயரைக் கொடுக்கத்தான் எல்லோர் கையும் நடுங்கிற்று.

தலவாக்கலையில் மீண்டும் அதே நாடகம்

2002 இல் ஜப்பானின் சர்வதேச ஒத்துழைப்பு வங்கியோடு இலங்கை அரசாங்கம் மேல் கொத்மலைத் திட்டத்துக்குரிய கடன் உடன்படிக்கையைச் செய்தது. தொகை 3,300 கோடி யென்னுக்கு மேல். தலவாக்கலை நகரின் அருகே ஓர் அணை, நீண்டதொரு சுரங்கம், 150 மெகாவாட் மின்சாரம். மலையகத்தின் அழகிய அருவிகளுள் ஒன்றாகிய சென் கிளேயரின் நீர் திருப்பப்படும் என்ற செய்தி பரவியதும் எதிர்ப்பு எழுந்தது. சூழல் காப்பாளரும் மலையக அமைப்புகளும் குரலெழுப்பினர். திட்டம் திருத்தப்பட்டது, தாமதமாயிற்று, எனினும் நடைபெற்றது. ஏறக்குறைய 500 குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டுப் புதிய வீடுகளில் அமர்த்தப்பட்டன. 2012 இல் நிலையம் திறக்கப்பட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். 1954 இல் மலையகத் தொழிலாளியை எவரும் கேட்கவில்லை. 2002 இலோ கேட்டாக வேண்டியிருந்தது, பேச்சு நடந்தது, இழப்பீடும் வீடும் பேரம் பேசப்பட்டன. இடையில் நிகழ்ந்தது யாது? வாக்குரிமை மீண்டது. நெடுங்காலப் போராட்டத்தின் பயனாக 1988 ஆம் ஆண்டுச் சட்டமும், இறுதியாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றோர் என்ற இழிசொல்லைச் சட்ட நூலிலிருந்து நீக்கின. வாக்குச் சீட்டு உடையவனிடம் பேசாமல் அணை கட்ட முடியாது. வங்கிகளின் மனம் இளகியது என்பதினும், மக்களின் கை வலுத்தது என்பதே இம்மாற்றத்துக்குச் சரியான விளக்கமாகும்.

முறிந்த பின்னரும் தீர்க்கப்பட்ட கடன்

2022 ஏப்ரல் 12 ஆம் நாள் இலங்கை அரசாங்கம் தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. ஆயினும் அவ்வறிவிப்பில் ஒரு விலக்கு இருந்தது. உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி போன்ற பலநாட்டு நிறுவனங்களின் கடன்கள் அவ்விடைநிறுத்தத்தில் அடங்கவில்லை. நாடு முறிந்து கிடந்தபோதும் அவற்றுக்குரிய தவணைகள் செலுத்தப்பட்டே வந்தன. அதே காலத்திற் செயற்கை உரத் தடையினால் தேயிலை விளைச்சல் குன்றியிருந்தது. 2021 இற்றான் நெடும் போராட்டத்தின் பின் 1,000 ரூபாயாக உயர்ந்த தினச் சம்பளம், அடுத்த ஆண்டின் விலைவாசியில் கரைந்து போயிற்று. அப்போதும் தோட்டத்துப் பெண் மலைக்குப் போனாள். அவள் கிள்ளிய கொழுந்து கப்பலேறிச் செலாவணியாகத் திரும்பிற்று. 1954 இன் வரலாறு 2022 இலும் முடிந்தபாடில்லை.

விடை

மாணவியின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். அவளுடைய அம்மாயி குப்பி விளக்கேற்றியதற்குக் காரணம் மின்சாரம் தொலைவில் இருந்தது அன்று; அது வீட்டு வாசலிலேயே பிறந்தது. அத்திட்டத்தை வரைந்தவர்களின் கணக்கில் அவள் செலாவணி ஈட்டும் கையாக இருந்தாள். ஒளி பெறும் குடிமகளாக இருக்கவில்லை. வங்கி வருவாயைக் கணக்கிட்டது. அரசாங்கம் வாக்காளரைக் கணக்கிட்டது. தோட்டத்துரை இலாபத்தைக் கணக்கிட்டார். மூன்று கணக்கிலும் அவள் பெயர் விடுபட்டது.

கடனே கூடாது என்று நாம் கூறவில்லை. ஏழை நாடு தன் ஆறுகளைப் பயன்கொள்ளவும் தன் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டவும் பிறரிடம் கைமாற்று வாங்க நேரிடலாம். கம்பரும் கடன்பட்ட நெஞ்சின் கலக்கத்தை உவமையாக்கினார் என்று நம்மிடையே ஒரு பேச்சு வழங்குகின்றது. அது தனி மனிதனின் கலக்கம். ஒரு நாட்டின் கடனிலோ, வாங்குபவர் ஒருவர், தீர்ப்பவர் மற்றொருவர். கலங்க வேண்டியவர் உறங்க, உறங்க வேண்டியவர் கலங்குவதே அதன் கொடுமை. எனவே எந்தக் கடன் உடன்படிக்கையைக் கண்டாலும் நாம் கேட்க வேண்டியவை அந்த மூன்று கேள்விகளே: யாரைக் கேட்டு வாங்கினீர்கள்? யாருடைய உழைப்பால் தீர்ப்பீர்கள்? யாருடைய வீட்டில் விளக்கெரியும்?

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நீர்மின் நிலையங்களைப் படத்திற் குறிக்கச் சொல்லும்போது, அவற்றைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். பெரிய தாத்தாமாரிடமும் அம்மாயிமாரிடமும் சென்று, தம் லயனுக்கு மின்சாரம் எந்த ஆண்டு வந்தது என்று கேட்டு வரச் சொல்லுங்கள். அவ்வாண்டை லக்சபானவின் 1950 உக்கு அருகே எழுதி, இரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளை அவர்களே கழித்துப் பார்க்கட்டும். அந்தக் கழித்தற் கணக்கின் விடைதான் மலையகத்தின் வரலாறு. அதைக் கணித்தறிந்த பிள்ளை, தன் பங்கைக் கேட்கவும் ஒரு நாள் கற்றுக்கொள்ளும்.